முப்பது நாள் பச்சை

ஜூன் 1, திங்கள்

5:10-க்கு எழுந்தேன். இரத்த அழுத்தம் 138/84. என் மனைவி மரகதத்துக்கு இடுப்பு அறுவை நடந்து இன்றோடு நாற்பத்தெட்டு நாள்.

சரியாக ஆறு மணிக்கு இந்த மாதத்துக்கான நுழைவுப் பாஸ்களை வெளியிட்டேன். எங்கள் குடியிருப்பில் 186 வீடுகள். வீட்டு வேலை செய்வோர், ஓட்டுநர்கள், பால் போடுபவர்கள் என்று தினமும் வந்துபோகிறவர்கள் 241 பேர். குடியிருப்போர் தனி. எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு க்யூஆர் கோடு போகும். கேட்டில் மாட்டியிருக்கும் டேப்லெட்டுக்கு முன்னால் அதைக் காட்டினால் பச்சை எரியும், அல்லது சிவப்பு.

இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் என்பதால் சங்கத்தில் என்னைக் கேட்டார்கள். மறுக்கும் வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருந்தபோது தீர்மானம் நிறைவேறிவிட்டது.

ஏப்ரலில் இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதல் வழியில் சர்வரில் ஒரு பதிவேடு இருக்கும். நுழைகிறவர் கையில் ஓர் எண் மட்டும். அந்த எண் யாருடையது, இன்னும் செல்லுமா என்று கேட் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டைக் கேட்கும். இதற்கு அமர்வு முறை என்று பெயர். இரண்டாவது வழியில் பதிவேடே கிடையாது. பெயர், அனுமதி, எப்போது முடியும் என்பது எல்லாவற்றையும் பாஸிலேயே எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்துவிடுவோம். கேட் முத்திரையையும் தேதியையும் மட்டும் பார்க்கும், யாரையும் கேட்காது. இது டோக்கன் முறை. எங்கள் கேட்டில் நெட்வொர்க் அடிக்கடி போகும் என்பதால் டோக்கனைப் பரிந்துரைத்தேன்.

அதன் குறை பதினோராம் பக்கத்தில் இருந்தது. கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்க முடியாது. நாம் பெயரை நீக்கினாலும், அது தன் முப்பது நாளை வாழ்ந்தே தீரும். கூட்டத்தில் ஒன்பதாம் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பதினான்காம் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஜூன் 2, செவ்வாய்

வெண்டைக்காய், மாத்திரை, வாக்கரின் கால்களுக்கு ரப்பர் குமிழ் நான்கு. மூன்றுதான் கிடைத்தது.

ஜூன் 4, வியாழன்

மாலை நான்கு மணிக்குச் செயலாளர் கனகசபை வீட்டுக்கே வந்தார். ஒரு நூற்பாலையில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் அப்படியேதான் நிற்பார்.

"C பிளாக்ல வேலை செய்யுதே, துளசிமணி. அதோட பாஸை எடுத்துடுங்க சார். நாளைல இருந்து வரக் கூடாதுன்னு சொல்லியாச்சு."

காரணம் இது. துளசிமணி காலையில் குடியிருப்போருக்கான லிஃப்டில் இறங்கியிருக்கிறார். பணியாளர்கள் சாமான் லிஃப்டில்தான் ஏறி இறங்க வேண்டும் என்பது சங்க விதி. சாமான் லிஃப்ட் ஒன்பது நாளாக ஓடவில்லை. ஈரப் போர்வைகள் நிறைந்த வாளியோடு தரைத்தளத்தில் அவர் வெளியே வந்தபோது எதிரே செயலாளர். "ரூல் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். "அந்த லிஃப்டு ஓடலீங்களே. ஓடோணும்னு அதுக்கும் ஒரு ரூல் போடுங்க" என்று துளசிமணி சொல்லியிருக்கிறார். விதியை மீறியதைவிட இதுதான் பெரிய குற்றமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

லிஃப்டில் குடியிருப்பவர் ஒருவரும் இருந்தார் என்றும், அவர் எதுவும் பேசவில்லை என்றும் தெரிகிறது.

துளசிமணி எங்கள் வீட்டுக்கும் வருபவர். தினமும் 6:40-க்கு வந்து மரகதத்தைக் குளிப்பாட்டுவார். பிறகு இன்னும் நான்கு வீடுகள். மரகதத்தை வலிக்காமல் ஒருக்களிக்க வைப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிஸியோதெரபிஸ்டே ஒருநாள் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு போனார். இதைச் செயலாளரிடம் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், என் வீட்டில்.

4:10-க்கு நீக்கினேன். திரையில் "நீக்கப்பட்டது" என்று வந்தது.

ஜூன் 5, வெள்ளி

வெந்நீர் வைத்துவிட்டு, மரகதத்தை எப்படித் தூக்குவது என்று ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். 6:40-க்கு மணி அடித்தது. துளசிமணி.

"பச்சை எரிஞ்சுச்சுங்க. வந்துட்டேன்" என்றார். உள்ளே போய்விட்டார்.

மரகதம் குளித்து முடித்தபின் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நீக்கியாச்சுன்னு நேத்து சொன்னீங்க?"

"நீக்கியாச்சு. ஆனா பழைய பாஸ் இன்னும் செல்லும். அதைக் கேட் யாரையும் கேக்காம ஒத்துக்கும்."

"அது உங்க தப்புங்களா?"

"ஆமா. நான் அமைச்ச விதம் அப்படி."

"நாப்பத்தஞ்சு வருசத்துல உருப்படியா ஒரு தப்புப் பண்ணியிருக்கீங்க. அதையும் போய்ச் சரி பண்ணித் தொலைச்சுராதீங்க."

டோக்கன் ஜூலை 1 காலை ஆறு மணிக்கு முடிகிறது. மொத்தம் 25,92,000 விநாடிகள் கொடுத்திருந்தேன். இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன்.

ஜூன் 6, சனி

பச்சை. 6:41.

ஜூன் 8, திங்கள்

பயந்தது நடந்தது. துணி காயப்போடும் இடத்தில் துளசிமணியைச் செயலாளர் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார்.

"சார், நீக்கினீங்களா இல்லையா?"

"நீக்கியாச்சுங்க. நாலாந்தேதி நாலு பத்துக்கு."

"அப்புறம் எப்படி உள்ள நடமாடுது?"

பதினோராம் பக்கத்தைச் சொன்னேன். முதல் முறையாக ஒருவர் அதை முழுவதும் கேட்டார்.

"அதாவது, நீங்க நீக்கு பொத்தானை அமுக்கினா ஒண்ணும் நடக்காது."

"அடுத்த மாசப் பாஸ் போகாதுங்க."

"இதை ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

எழுதியிருந்தேன் என்று சொல்லவில்லை. எழுதுவதும் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அவர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அது உண்மையும்கூட.

ஜூன் 9, செவ்வாய்

பார்சல் எடுக்கக் கேட்டுக்குப் போனேன். செயலாளர் காவலர் முத்துக்கருப்பனிடம் பேசிக்கொண்டிருந்தார். பார்சல் அலமாரிக்குப் பின்னால் நின்று என் பெட்டியைத் தேடினேன். அது முன்னாலேயே இருந்தது.

"உனக்குக் கண்ணு இருக்குல்ல? அந்தப் பொம்பளைய வந்தா நிறுத்து."

"லைட் பச்சை எரியுதே சார்."

"எரிஞ்சா என்ன? நான் சொல்றேன்."

முத்துக்கருப்பன் சுவரைக் காட்டினார். சென்ற மாதம் ஒரு கமிட்டி உறுப்பினரின் சகலையை ஒரு காவலர் அரைமணி நேரம் வெளியே நிறுத்திவிட்டார். அதனால் செயலாளரே எழுதி, கையெழுத்திட்டு ஒட்டிய அறிவிப்பு அது. காவலர்கள் சொந்த முடிவு எடுக்கக் கூடாது. பச்சை என்றால் விட வேண்டும். சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்ய வேண்டுமென்றால் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு வேண்டும்.

"எழுதிக் குடுத்துருங்க சார். நிறுத்திப்புடுறேன். எனக்கு என்ன வந்துச்சு" என்றார் முத்துக்கருப்பன். பேனாவையும் கேட் நோட்டையும் நீட்டினார்.

செயலாளர் பேனாவை வாங்கினார். நோட்டைப் பார்த்தார். "ஒன்பது நாளாகப் பழுதான லிஃப்டுக்குப் பதிலாக" என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்திருக்கலாம். இது என் ஊகம். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மிஷினே பாத்துக்கும்" என்றார்.

மிஷின் என்றால் நான்.

ஜூன் 10, புதன்

செயலாளர் அழைத்தார். உடனே ஒரு வழி வேண்டும் என்றார். முத்திரைச் சாவியை, அதாவது பாஸில் முத்திரை போடும் ரகசிய எண்ணை, மாற்றினால் பழைய டோக்கன்கள் எல்லாம் அந்த நொடியே செத்துப்போகும் என்றேன்.

"அப்ப மாத்துங்க."

"எல்லாருதும் செத்துப்போகுங்க. வீட்டுக்காரங்களோடதும். புதுசு வாங்கற வரைக்கும் சிவப்புதான். உங்க மாமியார் கோயில்ல இருந்து திரும்பி வர்ற நேரமா இருந்தா…"

அவருடைய மாமியாரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

"வேற வழி சொல்லுங்க" என்றார். முழுவதையும் அமர்வு முறைக்கு மாற்றலாம், பதிவேட்டில் பெயரை எடுத்தால் அடுத்த நொடியே சிவப்பு எரியும், ஆனால் மூன்று வாரம் ஆகும் என்றேன். ஆவணமாகக் கேட்டார்.

ஜூன் 11, வியாழன்

146/90.

ஜூன் 12, வெள்ளி

ஆவணம் முடிந்தது. ஒன்பது பக்கம். சாவியை மாற்றுவது, காலாவதியாகும் வரை காத்திருப்பது, அமர்வு முறைக்கு மாறுவது என்று மூன்று வழிகளை விவரித்திருக்கிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு. நுழையக் கூடாதவர்களின் சிறு பட்டியலைக் கேட் டேப்லெட்டிலேயே வைத்துவிடலாம். ஒரு பிற்பகல் வேலை. இதைச் சேர்க்க மறந்துவிட்டேன். அனுப்பும் முன் ஆவணத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் மறந்தேன்.

இதில் நியாயம் எவ்வளவு, மரகதத்தின் குளியல் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. துளசிமணி எங்கள் வீட்டுக்கு வராதவராக இருந்தால் என் ஞாபகசக்தி நன்றாக இருந்திருக்குமோ என்னவோ.

ஜூன் 15, திங்கள்

அமர்வு முறைக்கான நிரலை எழுத ஆரம்பித்தேன். அவசரப்படக் கூடாது. முதலில் கோப்புகளுக்குப் பெயரிடும் முறை குறித்து ஒரு பக்கம் எழுதினேன்.

செயலாளர் ஜூன் 28 கமிட்டிக் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்கிறார். ஜூலை 1 முதல் நடைமுறை. பழைய டோக்கன்கள் தானாக முடியும் நாளும் அதுவே. அன்று காலை எல்லோரும் புதிய பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லாதவர் வெளியே.

ஜூன் 17, புதன்

குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்தார்கள். பகல் இரண்டு வரை தண்ணீர் இல்லை. துளசிமணி நேற்றே ஆறு வாளி பிடித்து வைத்திருந்தார். செயலாளர் வீட்டில் பிடித்து வைக்கவில்லை என்று கேள்வி.

ஜூன் 19, வெள்ளி

ஜூன் 4 குறிப்பில் ஒரு திருத்தம். லிஃப்டில் இருந்த குடியிருப்பவர் நான்.

திருத்தத்தை முழுமையாகச் செய்வதே முறை. போர்வைகள் எங்கள் வீட்டுடையவை. துளசிமணி வாளியோடு படியை நோக்கித்தான் போனார். நான்தான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, "நாலு மாடி எதுக்கும்மா நடக்கறே, ஏறிக்க" என்றேன். அவர் வேண்டாம் என்றார். இன்னொரு முறை சொன்னேன். தரைத்தளத்தில் செயலாளர் சத்தம் போட்டபோது நான் கதவுக்கு மேலே எரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பூஜ்யம் என்று காட்டிக்கொண்டிருந்தது. துளசிமணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சார் கூப்பிட்டாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

செயலாளருக்கு நான் அங்கே நின்றது தெரியும். அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை. எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு எப்படி ஏற்பட்டது என்று தெரியவில்லை.

ஜூன் 20, சனி

மரகதத்திடம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"துளசிமணி சொன்னாளா?"

"அவ எங்க சொல்றா. நாலாந்தேதி நீங்க ஒரு உப்புமா பண்ணுனீங்க. அதுல உப்பே இல்ல. வாயத் தொறக்காம முழுசையும் தின்னீங்க. அப்பவே என்னமோ பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"என்னையக் கேட்டா? நான் எந்திரிச்சு நடக்க முடிஞ்சா அந்தாளு வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பேன். உங்களுக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே."

தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூன் 23, செவ்வாய்

புதிய பதிவேட்டில் ஏற்ற வேண்டிய பணியாளர் பட்டியலைச் செயலாளர் அனுப்பியிருக்கிறார். 240 பெயர்கள்.

ஜூன் 25, வியாழன்

நிரல் ஓடுகிறது. சோதனைக்கு என் பெயரை நீக்கினேன். அரை விநாடியில் சிவப்பு. ஒரு மனிதரை வெளியே தள்ள அரை விநாடி போதும் என்பதைப் பார்த்தபோது நான் செய்தது நல்ல வேலைதானா என்று சந்தேகம் வந்தது. டோக்கனுக்கு ஒரு தாமதம் இருந்தது. ஒருவர் கோபத்தில் நீக்கினாலும் அதற்கு ஒரு மாதம் ஆகும். பதிவேட்டுக்கு அந்தத் தாமதம் கிடையாது.

பிற்பகலில் "நீக்கு" பொத்தானுக்கு முன்னால் மூன்று பெட்டிகள் சேர்த்தேன். நீக்குபவர் பெயர். காரணம், குறைந்தது பத்து எழுத்து. மூன்றாவது, நீக்கப்படுபவருக்கு இவை இரண்டும் குறுஞ்செய்தியாகப் போகட்டும் என்ற ஒப்புதல். மூன்றையும் நிரப்பாமல் பொத்தான் வேலை செய்யாது.

பிறகு 241-ஆவது பெயரைப் பதிவேட்டில் ஏற்றினேன். ஏற்றி, எடுத்து, மீண்டும் ஏற்றினேன். மரகதம் உள்ளேயிருந்து, என்ன இத்தனை தடவை தட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

ஜூன் 28, ஞாயிறு

கூட்டம் காலை பத்து மணிக்கு, கிளப் ஹவுஸில். ஏழு உறுப்பினர்களும் வந்தார்கள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதை மேஜைமேல் வைத்துப் படித்தேன்.

அமர்வு முறையைக் காட்டினேன். செயலாளர் மகிழ்ச்சியடைந்தார். "இப்பதான் சரியான மிஷின்" என்றார். பிறகு திரையில் 241-ஆவது பெயரைப் பார்த்தார்.

"இது எப்படி உள்ள வந்துச்சு? நான் குடுத்த லிஸ்ட்ல இல்லையே."

"நான் சேர்த்தேங்க. நீக்கணும்னா இப்பவே நீக்கலாம். அரை விநாடிதான் ஆகும். காரணம் எழுதணும்."

"இதென்ன பெட்டி?"

பெட்டிகளை விளக்கினேன். கமிட்டியில் பல் டாக்டர் ஃபரீதா என்று ஒருவர் இருக்கிறார், D பிளாக். அவர் கேட்டார், "இது டெக்னிக்கலா தேவையா சார்?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

"இல்லைங்க. நானா சேர்த்தது" என்றேன்.

"சரி, நல்லதுதான். எழுதுங்க கனகசபை சார். ஒரு வரிதானே."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான டாக்டர்."

"மிஷினுக்குத் தெரியாதுல்ல."

செயலாளர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். பெயரைப் போட்டு, ஒப்புதலைத் தொட்டுவிட்டு, காரணத்தை ஒரு விரலால் தட்டினார். "லிஃப்ட் விதிமுறை மீறல்." பொத்தான் நீலமாகியது. அழுத்தக் கையைத் தூக்கினார்.

தாளில் கடைசிப் பத்தி மிச்சம் இருந்தது. அதைப் பார்க்காமலே சொன்னேன். "அன்னைக்கு லிஃப்ட்ல நானும் இருந்தேன். அவங்க படிக்குத்தான் போனாங்க. நான்தான் கதவைப் புடிச்சுட்டு ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க சத்தம் போட்டப்ப நான் வாயத் தொறக்கல. அதனால அந்தக் காரணத்துல என் பேரும் வரணும். இல்லைன்னா பதிவேடு தப்பாயிரும்."

"உங்கள எப்படி சார் நீக்கறது? நீங்க ஓனர்."

"அப்ப ஓனர் கூப்பிட்டா ஓனருக்குத் தப்பில்ல, வந்தவங்களுக்குத் தப்புன்னு எழுதிருங்க" என்றார் டாக்டர் ஃபரீதா. "அந்தம்மாவுக்கு மெசேஜாப் போகும். அவங்க நாலு பேருக்குக் காட்டுவாங்க. என் க்ளினிக்குக்கும் வருவாங்க, எனக்கும் காட்டுவாங்க."

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். சங்கத் தீர்மானங்களை அவர் எழுதும்போதுகூட இவ்வளவு நிதானத்தை நான் பார்த்ததில்லை.

"சாமான் லிஃப்ட் அத்தனை நாளா ஓடலேன்னு என்கிட்ட யாரும் சொல்லல" என்றார். "அடுத்தது என்ன, தொட்டி சுத்தம் பண்ணதுல கம்ப்ளெயின்ட்."

அமர்ந்தேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தொட்டி பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

ஜூன் 29, திங்கள்

124/80. கருவி பழுதாக இருக்கலாம்.

ஜூலை 1, புதன்

5:45-க்கே கேட்டுக்குப் போனேன். ஆறு மணிக்குப் பழைய டோக்கன்கள் முடிந்தன. பதிவேடு தொடங்கியது. முதல் அரைமணி நேரம் நன்றாகப் போயிற்று. 6:36-க்கு நெட்வொர்க் போயிற்று.

இதுதான் அமர்வு முறையின் குறை. கேட்க ஆளில்லை என்றால் கேட்டுக்கு ஒன்றுமே தெரியாது. வரிசை சாலை வரை போனது. நடைப்பயிற்சி முடித்துத் திரும்பிய செயலாளரும் வரிசையில் நின்றார். "என்னய்யா, என்னைக்கூடத் தெரியலையா?" என்று முத்துக்கருப்பனைக் கேட்டார். "எனக்குத் தெரியுது சார். அதுக்குத் தெரியணும்ல" என்றார் முத்துக்கருப்பன்.

செயலாளருக்குப் பின்னால் மூன்று பேர் தள்ளித் துளசிமணி. நான்கு நிமிடத்தில் நெட்வொர்க் வந்தது. செயலாளருக்குப் பச்சை. பால்காரருக்குப் பச்சை. இரண்டு ஓட்டுநர்களுக்குப் பச்சை. துளசிமணிக்குப் பச்சை.

ஒன்றாகவே C பிளாக் வரை நடந்தோம். எனக்கு உற்சாகமாக இருந்தது. எனக்கு அது வழக்கமில்லாததால் தேவைக்கு அதிகமாகப் பேசிவிட்டேன்.

"பழைய பாஸ் இன்னைக்கு ஆறு மணியோட முடிஞ்சுதும்மா. இது புதுசு. இனிமே யாரும் காரணம் சொல்லாம எடுக்க முடியாது."

அவர் நின்றார். "பழசு இன்னைக்குத்தான் முடியும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?"

"ஒண்ணாந்தேதியே தெரியும். முப்பது நாள். விநாடி முதற்கொண்டு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்."

துளசிமணி கைபேசியை முந்தானையில் துடைத்தார். பிறகு சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்களே. என்னைக்குச் செவப்பு எரியுமோ எரியுமோன்னுதான் தெனமும் வந்தனுங்க. கேட்டுக்கு வெளிய நின்னு இதைத் தொடச்சு தொடச்சுக் காட்டுவேன். கண்ணாடி அழுக்கா இருந்தா செவப்பு எரியும்னு ஒருத்தி சொன்னா. எரிஞ்சா அத்தன பேரு முன்னால திரும்பிப் போகோணுமில்லீங்க. தேதி சொல்லியிருந்தீங்கன்னா அது வரைக்கும் நிம்மதியா வந்திருப்பனுங்க."

இருபத்தாறு காலைகள். தினமும் 6:40-க்கு எங்கள் வீட்டு மணி அடித்தபோது நான் நாட்குறிப்பில் பச்சை என்று எழுதிக்கொண்டேனே தவிர, வாசலில் நின்றவரிடம் தேதி சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவருக்குத் தெரிவிக்காமல் இருந்ததற்கு நான் காரணம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"தப்புதாம்மா" என்றேன். லிஃப்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் எதற்கென்று எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

"எதுத்தாப்புல லேடீஸ் ஆஸ்டல்ல சமையக்கட்டுக்கு ஆளு கேட்டாங்க. போன வாரமே சரின்னுட்டனுங்க. இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் அம்மாவுக்கு வர்றேன். அம்மாகிட்ட அப்பவே சொல்லீட்டேன்."

மரகதம் என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீங்க கூட்டத்துல பேசறதுக்கு முன்னால சொன்னா பேசாமயே விட்டிருப்பீங்க" என்றாள்.

ஜூலை 3, வெள்ளி

மரகதம் வாக்கரைப் பிடித்துக் குளியலறை வரை நடந்தாள். பதினான்கு அடி. துளசிமணி பக்கத்தில் நடந்தார், தொடாமல்.

ஜூலை 5, ஞாயிறு

கடைசி நாள். குளிப்பாட்டி முடித்து, மரகதத்திடம் பேசிவிட்டு, துளசிமணி என் மேஜைக்கு வந்தார்.

"என்ற பேரை எடுத்துருங்க சார். இனி எதுக்கு அதுல."

பதிவேட்டைத் திறந்தேன். அவருடைய வரியில் போய் நீக்கு என்பதைத் தொட்டேன். பெட்டிகள் வந்தன. முதல் பெட்டியில் என் பெயரைத் தட்ட ஆரம்பித்தேன்.

"அது என்னங்க?"

"நீக்கறவங்க பேரு."

"நீங்களா நீக்கறீங்க? என்ற பேரப் போடுங்க."

அழித்துவிட்டு, துளசிமணி என்று போட்டேன்.

"அடுத்தது காரணம்மா. பத்து எழுத்தாவது இருக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். மரகதம் உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை.

"'நானே வேண்டாம்னு போறேன்'னு போடுங்க."

அப்படியே தட்டினேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"எடுத்ததுக்கப்பறம் எனக்கு மெசேஜ் வருங்களா?"

"வரும்" என்று மூன்றாவது பெட்டியில் ஒப்புதலைத் தொட்டேன்.

"செக்ரட்டரி பாக்கறதுல வருங்களா?"

"அவருக்கும் வரும்மா. நீக்கினது யாருன்னும் வரும்."

"அப்பச் சரிங்க" என்றார். பொத்தானை அவரே அழுத்தினார்.